குலுக்கை போன வீட்டில் பூனையும் ஞாயிறும்

ஆற்றுப் பாசனமோ அணைப் பாசனமோ எட்டாமல் வானத்து மழையை நம்பியே விதைக்கப்படும் நிலத்தை மானாவாரி என்பார்கள்; அருப்புக்கோட்டையிலிருந்து திருச்சுழி வழியாக நரிக்குடி வரை பரந்து கிடக்கும் பூமி, கண்மாய்ப் பாசனமுள்ள சில வயல்களை நீக்கிவிட்டுப் பார்த்தால், பெரும்பாலும் அத்தகையது. விருதுநகர் மாவட்டம் ஆண்டொன்றுக்குப் பெறும் மழை ஏறத்தாழ 800 மில்லிமீட்டர்தான் என்பதாலும், அதன் பெரும்பங்கு வடகிழக்குப் பருவக்காற்றோடு வந்து ஐப்பசி, கார்த்திகை மாதங்களிலேயே கொட்டித் தீர்ந்துவிடும் என்பதாலும், இங்கே ஓய்வு வாரக் கணக்கில் அமைந்ததில்லை. புரட்டாசியில் புழுதி உழவு செய்து விதைத்து, தை மாசியில் கம்பும் சோளமும் குதிரைவாலியும் அறுத்து, பருத்தியையும் மிளகாய் வற்றலையும் விலையாக்கிய பிறகு, சித்திரை தொடங்கி ஆடி வரை நிலமும் மாடும் ஆளும் ஒருசேர இளைப்பாறின. அந்த நீண்ட ஓய்வின் தலைவாசலில் மதுரைச் சித்திரைத் திருவிழா நின்றது. வண்டி கட்டி, கட்டுச்சோறு கட்டி, அழகர் வைகையில் இறங்குவதைப் பார்த்துவிட்டுத் திரும்பியதே இந்தக் கரிசல் மண்ணின் குடும்பங்கள் பலவற்றுக்கு ஆண்டின் ஒரே நகரப் பயணமாக இருந்தது. மற்றபடி மதுரைக்குப் போவதென்றால் வற்றல் மூட்டை இருக்க வேண்டும், கோர்ட்டில் வாய்தா இருக்க வேண்டும், அல்லது பெரியாஸ்பத்திரியில் ஒருவர் படுத்திருக்க வேண்டும்.

இந்தக் குடும்பங்களின் வீட்டில் பூனைக்கும் வேலை இருந்தது. தவசம், அதாவது உணவுத் தானியம், குலுக்கை எனப்படும் மண் கலத்தில் அடுத்த வெள்ளாமை வரை சேமிக்கப்பட்டது. வைக்கோல் சேர்க்காமல் மண்ணைப் பிசைந்து வளையம் வளையமாக ஏற்றினால் வெடித்துவிடும் என்பதால் வைக்கோல் கலந்த மண்ணால் ஆளுயரத்துக்கு எழுப்பி, மேல்வாயை மூடி, அடியில் தானியம் சரிந்து விழ ஒரு துளை வைத்து அதை அமைப்பார்கள். அந்தத் துளையடைப்பின் ஓரத்தில் எலி பல் வைத்துவிட்டால் ஒரு குடும்பத்தின் ஆண்டுக் கஞ்சி அந்த வழியாகக் கசியத் தொடங்கும். மாட்டுக்கென்று வைத்த பருத்தி விதையும் எலியை அழைத்தது. அருப்புக்கோட்டையின் நெசவாளர் தெருக்களில் இதற்கு வேறொரு காரணமும் சேர்ந்தது. தறியில் நீளவாட்டில் ஓடும் பாவு நூல், உரசலைத் தாங்கி அறாமல் நிற்பதற்காகக் கஞ்சி தோய்த்து உலர்த்தப்படுகிறது. அந்தக் கஞ்சியின் வாசனைக்கு வரும் எலி ஒரே இரவில் சில இழைகளைக் கத்தரித்துவிட்டால், அவற்றைத் தேடிப் பிடித்து முடிச்சிடுவதற்கே நெசவாளரின் பொழுது போய்விடும். ஆகவே நெசவாளர் வீட்டிலும் சம்சாரி எனப்படும் விவசாயி வீட்டிலும் பூனை ஒரு வேலையாள். அதற்குக் கூலியாக இரண்டு கை சோறும், கிடைத்தால் ஒரு கருவாட்டுத் தலையும் வைக்கப்பட்டன.

இன்று இந்த வட்டாரத்தின் வீடுகளில் பூனை சோபாவில் படுத்திருக்கிறது. குடும்பம் ஞாயிற்றுக்கிழமை மதுரைக்குப் போய் வருகிறது. ஒன்றுக்கொன்று தொடர்பில்லாதவை போலத் தோன்றும் இந்த இரண்டும் ஒரே மாற்றத்தின் இரு பக்கங்கள். கம்பும் குதிரைவாலியும் விளைந்த புஞ்சைகள் தரிசாகிச் சீமைக் கருவேலத்துக்குப் போனபோதும், நியாயவிலைக் கடையின் அரிசி 2008இல் கிலோ ஒரு ரூபாய்க்கும் 2011 முதல் விலையில்லாமலும் வந்தபோதும், ஓராண்டுத் தவசத்தை வீட்டுக்குள் வைத்துக் காக்க வேண்டிய தேவை குறைந்தது. குலுக்கை உடைக்கப்பட்டு அந்த மூலையில் பீரோவோ குளிர்பதனப் பெட்டியோ வந்து நின்றது. நிலத்திலிருந்து விடுபட்டவர்கள் நூற்பாலைக்கும் விசைத்தறிக்கும் கடைக்கும் அலுவலகத்துக்கும் சென்றார்கள். 1948ஆம் ஆண்டின் தொழிற்சாலைச் சட்டம் வாரத்தில் ஒரு நாள் விடுப்பு கட்டாயம் என்றும், பொதுவாக அது ஞாயிறு என்றும் விதித்திருந்ததால், கூலி வந்த வழியே ஞாயிறும் வந்தது. தானியம் வீட்டை விட்டு வெளியேறியபோது பூனை தன் வேலையை இழந்தது. மனிதர் தம் வாரத்தைப் பெற்றார்கள். மழையை வைத்துக் கணக்கிட்ட ஒரு சமூகம் காலண்டரின் சிவப்பு எழுத்தை வைத்துக் கணக்கிடத் தொடங்கியது, இந்த நிலத்தின் அண்மைக்கால வரலாற்றில் கண்மாய்கள் தூர்ந்ததற்கு நிகரான பெரிய நிகழ்வு. ஆனால் அதைப் பற்றி எழுதப்பட்டது மிகக் குறைவு.

பூனை இத்தகைய வறண்ட நிலத்துக்கு அந்நியம் இல்லை என்பதையும் இங்கே சொல்ல வேண்டும். 2007இல் வெளியான மரபணு ஆய்வு ஒன்று, உலகின் வீட்டுப் பூனைகள் அனைத்தும் மேற்காசியாவின் வறண்ட பகுதிகளில் திரிந்த காட்டுப்பூனை இனத்தின் வழித்தோன்றல்கள் என்று காட்டியது. மனிதர் முதன்முதலில் தானியத்தைச் சேமிக்கத் தொடங்கிய இடங்களும் அவையே. சைப்ரஸ் தீவில் ஏறத்தாழ 9,500 ஆண்டுகளுக்கு முன்பு ஒரு மனிதரின் அருகில் பூனையும் புதைக்கப்பட்டிருந்ததை 2004இல் பிரெஞ்சு அகழாய்வாளர்கள் வெளியிட்டார்கள். அந்தத் தீவுக்கு உரிய பூனையினம் எதுவும் இல்லாததால் படகில் ஏற்றித்தான் அதைக் கொண்டு சென்றிருக்க வேண்டும். வறண்ட பகுதியில் தோன்றிய உயிர் என்பதற்குப் பூனையின் சிறுநீரகமே சான்று: நீரை விட்டுவிடாமல் சிறுநீரை மிக அடர்த்தியாக்கி வெளியேற்றும் திறன் அதற்கு உண்டு, இரையின் உடலில் இருக்கும் ஈரத்தைக் கொண்டே பெரும்பகுதித் தாகத்தைத் தீர்த்துக்கொள்ளவும் அதனால் முடியும். சித்திரை வெயிலில் மாடும் நாயும் நாக்குத் தள்ளி நிற்கையில் பூனை மட்டும் குளிர்ந்த சிமெண்டுத் தரையைத் தேடி நீண்டு படுத்து மாலை வரை அசையாமல் கிடப்பதைச் சோம்பல் என்று சொல்வது தவறு. வறண்ட நாட்டில் பிழைக்கும் முறை அது.

தமிழ் மரபு அந்த அசைவின்மையைச் சந்தேகத்தோடுதான் பார்த்தது. மாமல்லபுரத்தில் 7ஆம் நூற்றாண்டுப் பல்லவச் சிற்பிகள் பெரும்பாறையில் செதுக்கிய தவக் காட்சியில், பின்னங்கால்களில் நிமிர்ந்து முன்னங்கால்களைத் தலைக்குமேல் தூக்கி ஒரு பூனை தவம் செய்ய, அதன் காலடியில் எலிகள் நிற்கின்றன. ருத்திராட்சப் பூனை என்று போலித் துறவியைச் சுட்டும் வழக்கும் அதே பார்வையிலிருந்து பிறந்தது. ஆனால் பூனை பதுங்கியிருந்து பிடிக்கும் வேட்டை விலங்கு. பொந்தின் வாயில் ஒரு நாழிகை கல்லாய் உட்கார்ந்திருப்பதே அதன் உழைப்பு. வேலையும் ஓய்வும் வெளிப்பார்வைக்கு ஒரே தோற்றம் கொண்ட உயிரைப் போலி என்று சொன்னவர்கள், ஓடியாடிச் செய்வது மட்டுமே உழைப்பு என்று எண்ணியவர்களாக இருக்க வேண்டும். கரிசல் சம்சாரி அப்படி எண்ணியிருக்க மாட்டார். விதைத்துவிட்டு மழைக்காகக் காத்திருப்பதும் வேளாண்மையின் ஒரு பகுதி என்பது அவருக்குத் தெரியும்.

வேலை போன பூனை என்ன செய்கிறது என்பதை ஒரு நெசவாளர் வீட்டில் அரைமணி நேரம் கவனித்தால் போதும். தார்க்குச்சி என்பது ஊடை நூல், அதாவது குறுக்குவாட்டில் ஓடும் நூல், சுற்றப்பட்டு, தறியில் குறுக்கே ஓடும் நாடாவுக்குள் வைக்கப்படும் சிறு குச்சி. நூல் தீர்ந்த குச்சி ஒன்று தரையில் உருண்டால், தறிக்குழியின் விளிம்பில் கண்ணை மூடிக் கிடந்த பூனையின் காதுகள் முதலில் திரும்புகின்றன. பிறகு உடல் தரையோடு தாழ்கிறது, கண்ணின் கருமணி விரிகிறது, பின்பகுதி இருபுறமும் மெல்ல அசைந்து தாவலுக்கான பிடிமானத்தைத் தேடுகிறது. ஒரே பாய்ச்சலில் குச்சி முன்னங்கால்களுக்கிடையே சிக்க, பூனை மல்லாந்து புரண்டு பின்னங்கால்களால் அதை உதைத்துக் கிழிக்கப் பார்க்கிறது. பிறகு குச்சியை விட்டுவிட்டு அப்பால் திரும்பி முன்காலை நக்கத் தொடங்குகிறது, அப்படி ஒன்று நடக்கவே இல்லை என்பதைப் போல. குச்சியிலிருந்து நூலின் நுனி தொங்கினால் கதை வேறு. அது வீடு முழுவதும் இழுபட்டு, கால் மாற்றிக் கால் சிக்கி, கடைசியில் வீட்டுக்காரரின் அதட்டலில் முடியும்.

ஜெர்மானிய விலங்கு நடத்தையியலாளர் பால் லெய்ஹவுசன் பூனைகளைப் பல்லாண்டுகள் கவனித்து வந்தடைந்த முடிவு இதை விளக்க உதவுகிறது. பூனையின் வேட்டை, பசி என்ற ஒரே கயிற்றில் கட்டப்பட்டதன்று. பதுங்குதல், துரத்துதல், பிடித்தல், கொல்லுதல், தின்னுதல் ஆகிய ஒவ்வொன்றுக்கும் தனித்தனி உந்துதல் உண்டு என்றார் அவர். வயிறு நிறைந்த பூனையும் பதுங்குவதும், பிடித்த எலியைத் தின்னாமல் உருட்டிக்கொண்டிருப்பதும் இதனாலேயே. பயன் நீங்கிய பின்னும் செயலின் உறுப்புகள் நீங்குவதில்லை. அவை தமக்காகவே நிகழத் தொடங்குகின்றன. அதைத்தான் விளையாட்டு என்கிறோம்.

மதுரைக்குச் செல்லும் ஞாயிற்றுக்கிழமைப் பயணத்தையும் இந்த விளக்கத்தோடு பார்க்கலாம். வற்றல் மூட்டை இல்லை, வாய்தா இல்லை. ஆனால் அந்தப் பழைய பயணத்தின் உறுப்புகள் எல்லாம் இருக்கின்றன. விடியலில் எழுந்து சோறு கட்டுவது இருக்கிறது. புளிச்சோறு வாழை இலையிலிருந்து எவர்சில்வர் தூக்குக்கு மாறியிருக்கலாம். திருச்சுழிப் பக்கத்து ஊர்களிலிருந்து பெண்கள் 2021 முதல் கட்டணமில்லாத சாதாரண நகரப் பேருந்தில் அருப்புக்கோட்டை வருகிறார்கள். அங்கே வெளியூர்ப் பேருந்து மாறி, காரியாபட்டி வழியாக ஐம்பது கிலோமீட்டர் அளவு நான்குவழிச் சாலையில் சென்று மதுரையின் மாட்டுத்தாவணிப் பேருந்து நிலையத்தில் இறங்குகிறார்கள். பிறகு மீனாட்சி கோயில். 1959இல் நேரு திறந்துவைத்த, தமுக்கத்துப் பழைய அரண்மனையில் இயங்கும் காந்தி நினைவு அருங்காட்சியகம். அதன் அருகில் பிள்ளைகளுக்கான பூங்கா. 2023 ஜூலையில் நத்தம் சாலையில் திறக்கப்பட்ட கலைஞர் நூற்றாண்டு நூலகம். நூலகத்தில் குழந்தைகள் பகுதிக்குள் நுழையும் கரிசல் ஊர்ப் பிள்ளை, கட்டணம் கேட்காத, வெளியே போ என்று சொல்லாத, குளிரூட்டப்பட்ட ஓரிடத்தில் தரையில் உட்கார்ந்து படப்புத்தகத்தைப் புரட்டுவதைக் கண்டவர்கள், நகர உலா என்பதை வெறும் செலவு என்று தள்ள மாட்டார்கள். மாலையில் வண்டியூர்த் தெப்பக்குளம். 1645இல் திருமலை நாயக்கர் வெட்டுவித்த அந்தக் குளத்தில் வைகை நீர் தேங்கி நிற்கும் காலங்களில், படிக்கட்டில் உட்கார்ந்து தண்ணீரை மட்டுமே நெடுநேரம் பார்த்துக்கொண்டிருக்கும் குடும்பங்களைக் காண முடியும். ஆண்டில் பாதி நாள் தம் பக்கத்துக் குண்டாற்றில் மணலையே பார்க்கும் ஊர்க்காரர்களுக்கு அதற்கு விளக்கம் தேவையில்லை.

புறப்படும் நேரத்தில்தான் பூனைக்கும் பயணத்துக்குமான பழைய கணக்கு எதிர்ப்படுகிறது. பூனை குறுக்கே போனால் போகிற காரியம் விளங்காது என்பது சகுன நம்பிக்கை. சகுனம் என்பது வழியில் தற்செயலாக எதிர்ப்படுவதை வைத்து வரப்போவதைக் கணிக்கும் முறை. திரும்பி வந்து ஒரு வாய் தண்ணீர் குடித்து, சற்று உட்கார்ந்துவிட்டுக் கிளம்புவது அதற்குப் பரிகாரம். ஆண்டுக்கு ஓரிரு முறை, அதுவும் விலையோ வழக்கோ உயிரோ தொங்கிக்கொண்டிருக்கும் பயணத்துக்கு மட்டுமே வீட்டை விட்டுக் கிளம்பிய காலத்தில், மனத்தின் அச்சம் ஏதேனும் ஓர் அடையாளத்தைத் தேடியதில் வியப்பில்லை. விடியலில் தெருவில் நடமாடுவது பூனை. விடியலில் கிளம்புவது வண்டி. இரண்டும் சந்தித்தே தீரும். ஆனால் வாரந்தோறும் கிளம்புகிற வீட்டில், பையைத் தூக்கியதும் காலைச் சுற்றிவந்து வாசலில் குறுக்கே படுத்துக்கொள்ளும் சொந்தப் பூனைக்குச் சகுனம் பார்த்தால் எந்தப் பேருந்தையும் பிடிக்க முடியாது. நம்பிக்கையை யாரும் வாதிட்டு வெல்லவில்லை. பயணம் அற்பமானதும் அச்சம் உதிர்ந்துவிட்டது. அந்த அளவுக்கு இந்த மக்களின் வாழ்க்கை இலகுவாகியிருக்கிறது என்பதில் மகிழ்ச்சியடைய வேண்டும்.

இந்த நிலத்திலிருந்து நகரத்துக்குப் போனவர்களில் உலகம் அறிந்தவர் வேங்கடராமன் என்ற சிறுவர், பின்னாளில் ரமண மகரிஷி. சுந்தரர் பாடிய திருமேனிநாதர் கோயில் இருக்கும் திருச்சுழியில் 1879 டிசம்பர் 30 அன்று பிறந்த அவர், 1892இல் தந்தையை இழந்தபின் மதுரையில் சிற்றப்பா வீட்டில் வளர்ந்தார். 1896 ஆகஸ்ட் 29 அன்று, அண்ணனின் கல்லூரிக் கட்டணத்துக்கென்று தரப்பட்ட ஐந்து ரூபாயில் மூன்றை எடுத்துக்கொண்டு இரண்டை வைத்துவிட்டுக் கிளம்பி, செப்டம்பர் 1 அன்று திருவண்ணாமலையை அடைந்தார். அதன்பின் 1950இல் மறையும் வரை ஐம்பது ஆண்டுகளுக்கு மேல் அவர் அந்த ஊரை விட்டு எங்கும் போகவில்லை. அவரோடு வாழ்ந்தவர்கள் எழுதிவைத்த குறிப்புகளில் மறக்க முடியாதவை, ஆசிரமத்து விலங்குகளை அவர் ‘அவன்’, ‘அவள்’ என்றே குறிப்பிட்டார் என்பதும், நாய்களுக்குச் சோறு வைத்தாயிற்றா என்பதைப் ‘பசங்க’ளுக்கு வைத்தாயிற்றா என்றே கேட்டார் என்பதும். 1948இல் இறந்த லட்சுமி என்ற பசுவுக்கும், ஒரு மானுக்கும், ஒரு காகத்துக்கும், ஒரு நாய்க்கும் ஆசிரமத்தில் சமாதிகள் இருக்கின்றன. ஓரிடத்தில் அசையாமல் தங்கியவரைத் தேடி அணிலும் குரங்கும் மயிலும் வந்தன என்பதை அற்புதமாகச் சொல்லத் தேவையில்லை. தினமும் அதே நேரத்தில் அதே இடத்தில் இருக்கும் மனிதரைத்தான் விலங்கு நம்பும். அவரிடம் அதைத் தவிர வேறு எதையும் அது எதிர்பார்ப்பதில்லை.

பூட்டிய வீட்டில் அந்த எதிர்பார்ப்பு என்னவாகிறது என்ற கேள்விக்கு அண்மை ஆய்வுகள் சில விடைகள் தந்திருக்கின்றன. நாய் ஆளோடு ஒட்டும், பூனை வீட்டோடு ஒட்டும் என்ற பொதுக் கருத்து முழு உண்மையன்று. அமெரிக்காவின் ஓரிகன் மாநிலப் பல்கலைக்கழகத்தில் நடந்து 2019இல் வெளியான ஆய்வில், அறியாத அறையில் சிறிது நேரம் தனியே விடப்பட்ட பூனைக்குட்டிகளில் நூற்றுக்கு 64, வளர்ப்பவர் திரும்பி வந்ததும் பதற்றம் தணிந்து, அவரை அடுத்திருந்துகொண்டே அறையைச் சுற்றிப் பார்க்கத் தொடங்கின; மனிதக் குழந்தைகளைப் போலவே அவை வளர்ப்பவரை அரணாகக் கொள்கின்றன என்பது இதன் பொருள். ஜப்பானிய ஆய்வாளர்கள் 2021இல் இன்னொன்றைக் காட்டினார்கள்: வளர்ப்பவரின் குரல் ஓரிடத்திலிருந்து கேட்டுவிட்டு, உடனே அவர் அங்கே போயிருக்க முடியாத வேறோர் இடத்திலிருந்து கேட்டால் பூனை திடுக்கிடுகிறது. கண்ணுக்குத் தெரியாவிட்டாலும் வீட்டார் எங்கே இருக்கிறார்கள் என்று காதால் ஒரு வரைபடத்தை அது சதா வரைந்துகொண்டிருக்கிறது. ஞாயிறு பகல் முழுவதும் அந்த வரைபடம் வெறுமையாக இருக்கிறது. இரவு ஒன்பது மணிக்குத் தெருமுனையில் பேச்சுக்குரல் கேட்கும்போதே வாசலுக்கு வந்து நிற்கும் பூனையின் குரலில் இருப்பது பசி மட்டும்தான் என்று இனி உறுதியாகச் சொல்ல முடியாது.

அதன் பிறகு நடப்பது சோதனை. கீழே வைத்த பையின் நான்கு மூலைகளையும் முகர்ந்து, தாடையின் ஓரத்தை அதில் தேய்த்து, கன்னத்துச் சுரப்பியின் வாசனையைப் பூசி, நகரத்து மணத்தை அழித்து வீட்டு மணத்தை ஏற்றிய பின்னரே பூனை நிம்மதியடைகிறது. பை காலியானதும் அதற்குள்ளேயே போய்ப் படுத்துக்கொள்கிறது. மதுரை மல்லிகைச் சரத்தை முகர்ந்து தும்முகிறது. பிள்ளைகள் ஆசையாக நீட்டும் ஜாங்கிரியைச் சீண்டுவதில்லை. இனிப்பை உணரும் நாச்சுவைக்கான மரபணு ஒன்று பூனையினத்தில் செயலிழந்துவிட்டது என்பது 2005இல் கண்டறியப்பட்டது. ஆனால் உறவினர் யாரேனும் திருவில்லிபுத்தூர்ப் பால்கோவா கொண்டுவந்தால் தாளோடு நக்கும். பாலின் கொழுப்புக்காகத்தான், சர்க்கரை அதற்குத் தெரியவே தெரியாது.

எல்லாரும் போய்விடுவதும் இல்லை. பல வீடுகளில் பாட்டி ஒருவர் தங்கிவிடுகிறார். முழங்கால் வலி, பேருந்துப் படி உயரம், வெயில் என்று காரணங்கள் இருந்தாலும் அவர் வாயில் வருவது வேறு: “பூனைக்குச் சோறு வைக்க ஆள் வேணாமா, நீங்க போயிட்டு வாங்க.” சித்திரைத் திருவிழாவுக்கு வண்டியில் போன தலைமுறை அது. வண்டியில் கிழவருக்கும் குழந்தைக்கும் இடம் இருந்தது, ஏனென்றால் போவதும் வருவதும் நாட்கணக்கில் நடந்தது, யாருக்கும் அவசரம் இல்லை. காலையில் கிளம்பி இரவில் திரும்ப வேண்டிய ஒருநாள் உலாவில் மெதுவாக நடப்பவர்தான் முதலில் விடுபடுகிறார். வார விடுமுறை தந்த சுதந்திரத்தில் இது ஒரு குறை. பூனையின் பெயரால் அது மறைக்கப்படுகிறது. தாழ்தளப் பேருந்தும், நகரின் பார்வையிடங்களில் உட்காரத் திண்ணையும், கழிப்பறையும் வந்தால் அந்தப் பாட்டிகளில் பலர் பூனையைப் பக்கத்து வீட்டில் ஒப்படைத்துவிட்டு வந்துவிடுவார்கள்.

வீட்டின் அமைப்பும் மாறிவிட்டது. ஓட்டு வீடுகளில் சுவருக்கும் கூரைக்கும் இடையே எப்போதும் ஓர் இடைவெளி இருந்தது. கைமரத்தின் மேல் நடந்து, ஓடு விலகிய மூலை வழியாகப் பூனை தன் விருப்பம்போல வந்துபோனது, வீட்டார் இருக்கிறார்களா இல்லையா என்பது அதற்குத் தடையாக இல்லை. இப்போது கட்டப்படும் மட்டப்பா வீடுகளில் ஜன்னலுக்குக் கொசுவலை, கொல்லைக்கு இரும்புக் கதவு, மாடிப்படிக்குக் கிராதி என்று எல்லாம் அடைபடுவதால், ஞாயிறன்று பூட்டிக்கொண்டு போகும் குடும்பம் பூனையை உள்ளே வைத்துப் பூட்டுகிறது, அல்லது வெளியே வைத்துப் பூட்டுகிறது. உள்ளே பூட்டினால் இரவில் அடுப்பங்கரையைக் கழுவ வேண்டியிருக்கிறது. வெளியே பூட்டினால் தெருநாய்க்கும் நான்குவழிச் சாலைக்கும் அது தப்ப வேண்டியிருக்கிறது. வீடு கட்டுகிறவர்கள் கொல்லைக் கதவின் அடியில் ஒரு சாண் அகலத்துக்கு மடக்குத் தகடு வைத்துவிட்டால் போதும். பாம்பு வரும் என்ற அச்சத்துக்கு, இரவில் மட்டும் அடைக்க ஒரு தாழ்ப்பாளும் சேர்த்துக்கொள்ளலாம்.